தகரக் கூரை, மதியம் ஒரு மணி

கார்த்திகை மழை அன்று விடியுமுன்பே தொடங்கிவிட்டது...

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் நாவற்குழிப் பாலத்தில் ஏறியபோது கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யன்னல் கண்ணாடி பாதியில் இறுகி நின்றது. அந்த இடைவெளியைக் குடையால் அடைத்துக்கொண்டு தயாளினி இருந்தாள். இன்றைக்கென்று பார்த்து வெள்ளைச் சுடிதார்.

அரியாலையில் ஒருவன் ஏறினான். ஏறினான் என்பதைவிட, ஒரு மழையையே கூட்டிக்கொண்டு உள்ளே வந்தான் என்று சொல்லலாம். அவளுடைய இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முழங்கையிலிருந்து தண்ணீர் அவள் மடியில் சொட்டியது.

ஒன்று... இரண்டு... மூன்றாவது துளிக்கு அவள் நிமிர்ந்தாள்.

நிமிர்ந்திருக்கக் கூடாது. நனைந்த இமைகளுக்குள்ளே இரண்டு கண்கள். மன்னிப்புக் கேட்கிற கண்களாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். அவை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன...

"கொஞ்சம் அங்காலை நிண்டால் என்ன? என்ரை மடியிலைதான் பெய்யவேணுமோ?"

"அங்காலை இருக்கிறவ உங்களைவிட மோசமாப் பேசுறா," என்றான் அவன். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினான். "நான் நனைஞ்சால் காய்ஞ்சிடுவன். இது நனைஞ்சால் சரி. ஒருக்காப் பிடியுங்கோ."

நிற்பவரின் பையை இருப்பவர் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது எங்கள் பஸ்களில் வழக்கம். கோபம் வேறு, வழக்கம் வேறு. அவள் வாங்கினாள். வாங்கியதும் விரல்களுக்கு ஏதோ பிடிபட்டது. ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். பச்சை மின்சுற்றுப் பலகை, நடுவில் ஒரு கரிய கணினிச் சில்லு. மேலே சுற்றியிருந்தது கடையில் கொடுக்கும் சாதாரண சொப்பிங் பை.

"உங்களுக்கு மூளை இருக்கோ?" என்றாள் தாழ்ந்த குரலில். "நைலோன் சட்டைக்குள்ளை, சொப்பிங் பையிலை சுத்தி... பைக்குள்ளை உரஞ்சுற மின்சாரம் போதும், சில்லு செத்துப்போம்."

அவனுடைய கண்ணில் இருந்த சிரிப்பு நின்றது. கொடிகாமம் பஸ்ஸில் வெள்ளைச் சுடிதார் போட்ட ஒருத்தி இப்படிப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். நீங்கள் ஆர் என்று கேட்டான். அவளும் அதையே திருப்பிக் கேட்டாள். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. ஒரே தரிப்பில் இறங்கி, ஒரே ஒழுங்கையில் நடந்து, ஒரே பேக்கரியின் பக்கத்துப் படியில் ஏறியபோதுதான் பதில் கிடைத்தது.

பேக்கரிக்கு மேல்மாடியில் றஞ்சித் என்பவர் ஒரு சிறிய தொழிலகம் நடத்துகிறார். அங்கே செய்வது கிணற்றுப் பெட்டி. தென்மராட்சித் தோட்டக் கிணறுகளில் கோடையில் அளவுக்கு மீறி இறைத்தால் நல்ல தண்ணீர் இறங்கி உப்பு ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு கிணறல்ல. பெட்டி தண்ணீரின் உப்பை அளந்துகொண்டே இருக்கும். உப்பு ஏறத் தொடங்கியதும் மோட்டரை நிறுத்தித் தோட்டக்காரருக்குச் செய்தி அனுப்பும். பழைய பெட்டியில் இருந்த சில்லை இனிச் செய்வதில்லை என்று ஆகிவிட்டது. புதிய சில்லில் புதிய பலகை வேண்டும். பழைய பெட்டியில் ஓடிய இயங்குதளத்தைப் புதிய பலகைக்குக் கொண்டுவர வேண்டும்.

பலகையைச் செய்ய றஞ்சித் கொழும்பிலிருந்து அழைத்து அரியாலையில் தங்கவைத்தவன்தான் மழையோடு ஏறிய கிருஷாந். நிரல் எழுதி அந்தப் பலகையை எழுப்ப வேண்டியவள் தயாளினி.

மின்சாரம் வந்த முதல் நொடியில் எந்தச் சில்லுக்கும் ஒன்றும் தெரியாது. தனக்கு நினைவகம் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. அந்த நொடியில் விழித்து, நினைவகத்தைத் தயார் செய்து, இயங்குதளத்தை அதற்குள் இறக்கி, பொறுப்பை அதன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிற சின்ன நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். அது தவறினால் மேலே எவ்வளவு கெட்டித்தனம் இருந்தும் பெட்டி வெறும் பெட்டிதான்.

பதினொரு நாள் புதிய பலகை வாய் திறக்கவில்லை. அவள் எழுதுவாள், அவன் கம்பிகளைச் சரிபார்ப்பான், கணினித் திரை கறுப்பாகவே இருக்கும். பன்னிரண்டாம் நாள், வெளியே மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த வேளையில், திரையின் மூலையில் ஓர் எழுத்து வந்தது. ஒரேயோர் எழுத்து... பலகை தன் முதல் சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு மறுபடி மௌனமாகிவிட்டது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஏன் அவ்வளவு நேரம் பார்த்தோம் என்று தயாளினி பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள்.

அன்றிலிருந்து அவன் 'நீங்கள்' என்ற மரியாதையை விட்டு, உரிமையோடு 'நீர்' என்றான். அவள் அதைக் கவனிக்காததுபோல் இருந்தாள். காலையில் பஸ் அரியாலையை நெருங்கும்போது மட்டும் தலைமயிரை ஒருமுறை ஒதுக்கிக்கொள்வாள். அவன் எப்போதும் அதே பஸ்ஸில்தான் ஏறினான். அவளும் அதைத் தற்செயல் என்றே வைத்துக்கொண்டாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது... பஸ்லியா என்ற பெயர் வரும்வரை.

கொழும்பில் கிருஷாந்தோடு வேலை செய்தவள் பஸ்லியா. இப்போது புத்தளத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். நினைவகத்தை எழுப்பும் பகுதியில் அவளுக்கு நிகர் இல்லை என்று றஞ்சித்திடம் சொல்லி, அந்தப் பகுதியை அவளிடம் கொடுக்க வைத்தவன் கிருஷாந்தான். இரண்டாவது பலகையை அவளுக்கு அனுப்பினான். முகவரியைத் தன் கையால் எழுதி, மூன்று தரம் சரிபார்த்தான். இம்முறை பலகையை வெள்ளிநிறப் பாதுகாப்புப் பையில்தான் சுற்றினான். அந்தக் கவனத்தைக் கற்றுக்கொடுத்தவள் தான் என்பது தயாளினிக்கு நினைவுவந்தது. யாருக்காகக் கற்றுக்கொடுத்தேன் என்றும் நினைத்தாள்...

அதன்பிறகு அரியாலையிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் பஸ்லியா சொன்னவ, பஸ்லியா கண்டுபிடிச்சவ, பஸ்லியா சிரிச்சவ. ஒருநாள் அவள் எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு தரம். கைபேசியில் புத்தளத்துக்குக் கதைக்கும்போது அவன் ஒரு சிரிப்புச் சிரிப்பான். காது நுனிவரை சிவக்கும் சிரிப்பு. அவளுக்கு அவன் தந்த சிரிப்புகளில் அது இல்லை.

ஒருநாள் புத்தளத்திலிருந்து அவன் கைபேசிக்குப் படம் ஒன்று வந்தது. தகரக் கூரை, அதன்மேல் பலகை, பக்கத்தில் வெள்ளி மோதிரம் போட்ட ஒரு கை. வேறொன்றும் படத்தில் இல்லை. அழகான கை. தயாளினி தன் கையைப் பார்த்தாள். ஒட்டவெட்டிய நகம், கம்பி பற்றவைக்கும்போது ஈயம் சுட்ட தழும்பு. அன்று முழுவதும் அந்தக் கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள்.

பஸ்லியாவின் எண்கள் மாசி கடைசியில் வந்துசேர்ந்தன. நினைவகத்தோடு பேசும்போது எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்ற எண்கள். ஒரு முழு அட்டவணை. சூடு ஏறினால் இடைவெளி மாறவேண்டும் என்று வரிசை வரிசையாக எழுதியிருந்தாள். அட்டவணைக்கு மேலே, அந்தத் தொழிலில் உள்ள வழக்கப்படி, சோதித்தவரின் பெயர் இருந்தது. சோதித்தவர் பஸ்லியா. இடம் தகரக் கூரை. நேரம் மதியம் ஒரு மணி.

தகரக் கூரை... அவர்கள் இருவரும் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும் ஒரு பகிடி என்றே தயாளினிக்குப் பட்டது.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை கிருஷாந் சாப்பிடப் போயிருந்தான். அவள் அந்த அட்டவணையைத் திறந்தாள். இவ்வளவு வரி எதற்கு? நான் இதைப் பத்து வரியில் எழுதுவேன். எழுதினாள். குளிரூட்டிய அறையில் முப்பது தரம் பலகைக்கு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுத்தாள். முப்பது தரமும் எழும்பியது. அட்டவணையை எடுத்தாள். அதற்கு மேலிருந்த பெயரையும் எடுத்தாள். அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டாள்.

எல்லாருடைய நிரலையும் சேர்த்துவைக்கும் கணினிக் களஞ்சியத்தில் எந்த மாற்றத்தைச் சேர்த்தாலும் காரணம் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அது ஏறாது. ஏறியதை அழிப்பதும் இல்லை. அது றஞ்சித்தின் சட்டம். 'தேவையற்ற வரிகள் நீக்கம்' என்று அவள் ஆங்கிலத்தில் எழுதினாள்.

இதற்கு மென்மையான சொல் தேடவேண்டிய அவசியம் இல்லை. ஒருத்தி உழைத்ததை எடுத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் தன் பெயரை வைத்தாள். நல்ல குடும்பத்தில் பிறந்து, நன்றாகப் படித்த பிள்ளை செய்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனபோது முற்றத்தில் நாலைந்து கதிரை. அவளுடைய தகப்பனார் தியாகராசா சங்கத்து ஆட்களோடு இருந்தார். கொடிகாமம் தோட்டக்காரர் சங்கத்துக்குப் பதினாறு வருடம் தலைவராக இருந்தவர். வேட்டியில் ஒரு மடிப்புக் கலையாதவர். பேச்சும் அப்படித்தான். புதிய பெட்டி சங்கத்துக் கிணறுகளுக்கு வரப்போவதையும், அதன் நிரலை ஒருவருடைய கையும் படாமல் தன் மகள் தனியே எழுதியதையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கடை குடும்பத்திலை பிறத்தியான்ரை உழைப்பிலை பேர் எடுத்த ஆள் இல்லை," என்றார்.

தயாளினி தேத்தண்ணி போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு மூட்டாமலே கனநேரம் நின்றாள்...

சித்திரை இரண்டாம் கிழமை, சங்கத்தின் முன்னால் பெட்டியை ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. சந்தை கலைந்த பிறகுதான் தோட்டக்காரருக்கு ஓய்வு. அதனால் மதியம் ஒரு மணி என்று வைத்தார்கள். இடம், சந்தைக்குப் பக்கத்தில் உள்ள சங்கத்துக் கொட்டகை. ஐம்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் தியாகராசா.

கிருஷாந் பெட்டியில் மின்சாரத்தைக் கொடுத்தான். ஒரு வரி வந்தது. நின்றது. அணைத்துப் போட்டான். பாதி வரி. மறுபடி... ஒன்றுமில்லை.

தயாளினி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே தகரக் கூரை. சுவரில் மணிக்கூடு. ஒன்று ஐந்து.

அது பகிடி அல்ல என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கிணற்றடியில் குளிரூட்டி இல்லை. அதை நினைத்துத்தான் எங்கோ புத்தளத்தில் ஒருத்தி மதிய வெயிலில் கூரையேறி, விரலைச் சுட்டுக்கொண்டு எண்களைத் தேடியிருக்கிறாள்.

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. கிருஷாந் எழுந்து நின்றான். "பிழை என்ரை பலகையிலைதான் ஐயா. அவவின்ரை பக்கம் சரி," என்றான்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் தியாகராசா. குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதில்லை. "என்ரை பிள்ளையின்ரை வேலையைக் கெடுக்கவெண்டே வந்து சேர்ந்திருக்கிறீர். இனிச் சங்கத்துப் படி ஏறமுந்தித் தொழிலைப் படிச்சுக்கொண்டு வாரும்."

ஐம்பது பேருக்கு முன்னால். கிருஷாந்தின் முகம் கறுத்தது. குனிந்து பெட்டியின் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினான். தயாளினி வாய் திறக்கவில்லை. ஒரு சொல் போதுமாயிருந்தது... றஞ்சித் எழுந்து அடுத்த வியாழக்கிழமை வரை தவணை கேட்டு வாங்கினார்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போகவில்லை. உவனோடு ஒரே பஸ்ஸில் நீ போகவேண்டாம் என்று சொல்லித் தகப்பனார் தன் மோட்டர் சைக்கிளில் ஏற்றிச்சென்றார். அரியாலைத் தரிப்பில் கிருஷாந் நின்றான். கொடிகாமம் பஸ் வந்து நின்றது. யன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஏறவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸை எதிர்பார்த்து எட்டிப்பார்த்தான். மோட்டர் சைக்கிளை அவன் கவனிக்கவில்லை.

அவளுக்கு உடனே விளங்கியது. பலகையைப் பார்க்கப் பஸ்லியா அன்று புத்தளத்திலிருந்து வருகிறாள் என்று றஞ்சித் சொல்லியிருந்தார். அவளுக்காகத்தான் நிற்கிறான். நிற்கட்டும்... ஏற்கெனவே குற்றத்தால் கனத்த நெஞ்சில் அந்தப் பொறாமைக்கு எங்கிருந்து இடம் கிடைத்ததோ.

அவள் மேல்மாடிக்கு ஏறியபோது பஸ்லியா ஏற்கெனவே அங்கே இருந்தாள்.

சின்ன உருவம். சாம்பல்நிற முக்காடு. வெள்ளி மோதிரம். அந்தக் கையைத் தயாளினி உடனே அடையாளம் கண்டாள். கிட்டப் பார்த்தபோது விரல் நுனிகளில் மூன்று கொப்புளத் தழும்புகள் தெரிந்தன. படத்தில் அவை தெரியவில்லை.

றஞ்சித் கீழே பேக்கரிக்குப் போயிருந்தார். கிருஷாந் இன்னும் வரவில்லை. பஸ்லியா கணினியைத் திறந்து களஞ்சியத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. பார்த்துவிட்டுத் திரையை மெல்ல மூடினாள்.

"கிருஷாந் இதைப் பார்க்கலையா?" என்று கேட்டாள்.

"இல்லை. தன்ரை பலகையைத்தான் பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கிறார்."

"பார்க்க மாட்டார். உங்க பக்கம் பிழை இருக்கும்னு அவருக்குத் தோணவே தோணாது." பஸ்லியா மூடிய கணினியின் மேல் கையை வைத்தாள். பிறகு, "வரி போனா திரும்ப எழுதலாம். பரவாயில்லை. பேரை ஏன் எடுத்தீங்க?" என்றாள்.

தயாளினி தலை குனிந்தாள்.

"எங்கட வாப்பா இந்த ஊர்ல, சோனகதெருவுல பொறந்தவர். தொண்ணூறுல முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தப்போ அவருக்குப் பதிமூணு வயசு. பல வருஷம் கழிச்சு வந்து பார்த்தா, கடை வாசல்ல எழுதியிருந்த அவர்ட வாப்பாட பேருக்கு மேல சுண்ணாம்பு அடிச்சிருந்ததாம். கடை போனதைக்கூட அவர் அவ்வளவு சொல்ல மாட்டார். அந்தப் பேரைத்தான் சொல்லுவார்." குரலில் கோபம் இல்லை. அதுதான் தயாளினியைக் கொன்றது. "நான் யாருக்கும் சொல்லப் போறதில்லை. திரும்பப் போடுறது நீங்க. காரணம் எழுதாம ஏறாது. அதையும் நீங்களே எழுதுங்க."

அவள் றஞ்சித்தைத் தேடிக் கீழே இறங்கிப் போனாள். வேண்டுமென்றேதான் போனாள்.

தயாளினி அட்டவணையைத் திரும்பச் சேர்த்தாள். பெயரைச் சேர்த்தாள். காரணம் எழுதவேண்டிய இடத்தில் கட்டம் வெறுமையாக இருந்தது. 'தவறு திருத்தம்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அழித்தாள். எழுதினாள்... அழித்தாள்...

கடைசியில் தமிழில் எழுதினாள். அந்தக் களஞ்சியத்தில் ஏறிய முதல் தமிழ் வரிகள் அவை. எழுதிச் சேர்த்துவிட்டுக் கைகளை முகத்தில் பொத்திக்கொண்டாள்.

கிருஷாந் ஒன்பதரைக்குத்தான் வந்தான். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றான். ஏதோ கேட்க வாய் எடுத்தான். கேட்காமல் தன் பலகையிடம் போனான்.

வியாழன், மதியம் ஒரு மணி. அதே கொட்டகை, அதே வெயில், அதே முன்வரிசை. தகரம் சூட்டில் சடசடத்தது. பின்வரிசையில் றஞ்சித்துக்குப் பக்கத்தில் பஸ்லியா இருந்தாள். பெட்டிக்குள் ஏற்றுவதற்குக் கிருஷாந் களஞ்சியத்தைத் திறந்தான். அவன் கண்கள் ஓரிடத்தில் நின்றன. திரும்ப மேலே போய், திரும்ப வாசித்தன. அவன் நிமிரவில்லை. ஆனால் காது நுனி மெல்லச் சிவப்பதைத் தயாளினி கண்டாள்.

அவன் மின்சாரத்தைக் கொடுக்குமுன் அவள் எழுந்தாள். சங்கத்தாரைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். தகப்பனாரை மட்டும் பார்க்கவில்லை.

"போன முறை பிழை பலகையிலை இல்லை. என்னிலை. இந்தச் சூட்டுக்கெண்டு பஸ்லியா எழுதினதை நான் எடுத்துப்போட்டு என்ரை பேரை வைச்சனான். கிருஷாந்துக்குத் தெரியாது. தெரியாமல்தான் பழியை ஏற்றவர். அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். பயத்திலை பேசாமல் இருந்திட்டன்."

கிருஷாந் மின்சாரத்தைக் கொடுத்தான். வரிகள் வந்தன. ஒன்றின்பின் ஒன்றாக... நிற்காமல்... பூட்லோடர் நினைவகத்தை எழுப்பி, இயங்குதளத்தை இறக்கி, ஒதுங்கிக்கொண்டது. பெட்டியின் முகப்பில் பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து வாளித் தண்ணீரின் உப்பு அளவு திரையில் தெரிந்தது. கைதட்டல் எழுந்து, தியாகராசாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் அடங்கியது.

அவர் எழுந்தார். அவர் இவ்வளவு நேரம் எடுத்து எழுந்ததை மகள் கண்டதில்லை. முற்றத்தில் தான் சொன்ன பெருமை முழுவதும் அன்று அதைக் கேட்ட நாலைந்து முகங்களில் எழுதியிருப்பது அவருக்குத் தெரிந்தது. சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சபையிலை சொன்னதைச் சபையிலைதான் எடுக்கவேணும்," என்றார். கிருஷாந்தின் பக்கம் திரும்பினார். "தம்பி, அண்டைக்கு நான் சொன்னது பிழை." பிறகு செயலாளரிடம், இன்றைய கூட்டக் குறிப்பில் அந்தப் புத்தளத்துப் பிள்ளையின் பெயரை முதலில் எழுதும்படி சொன்னார். பெயரைச் சரியாகக் கேட்டு எழுதும்படியும் சொன்னார். மகளைக் கடந்து போகும்போது ஒருகணம் நின்றார். தலையில் கை வைக்கப்போகிறார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. "பின்னேரம் வெள்ளெண வா, இருட்டப் பண்ணாதை," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் வராதே என்று சொல்லவில்லை.

றஞ்சித்தும் பஸ்லியாவும் பெட்டிகளோடு வான் வண்டியில் யாழ்ப்பாணம் போனார்கள். வண்டியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது. பஸ்லியா கிருஷாந்தைப் பார்த்து, இடம் இல்லை என்றாள். அவனும் இல்லைத்தான் என்றான்.

தொழிலகத்துக்குத் திரும்பிப் போகக் கொடிகாமம் பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நின்றார்கள். தெற்கே வானம் கறுத்து வந்தது. சித்திரை மழை வரப்போகிறது...

"அந்தக் காரணத்தை ஆங்கிலத்திலை எழுதியிருக்கலாமே," என்றான் அவன்.

"ஆங்கிலத்திலை எழுதினால் பொய் சொல்ல வந்திடுது."

அவன் கைபேசியை எடுத்து, அவள் எழுதியதை வாசித்தான். சத்தமாக, ஒரு சொல்லும் விடாமல். "'இந்த வரிகளை நீக்கியது தயாளினி. திரும்பச் சேர்த்ததும் அவளே. நீக்கிய காரணம்: பஸ்லியாவின் பெயரைச் சொல்லும்போது கிருஷாந் சிரிக்கும் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.'"

"போதும்..." என்றாள். முகம் முழுவதும் எரிந்தது.

"இனி அழிக்கேலாது, தெரியுமோ? நாளைக்கு வேறை ஆரும் வந்தாலும் இதை வாசிப்பினம்."

"தெரிஞ்சுதான் எழுதினனான்."

"அந்தச் சிரிப்பு ஏனெண்டு ஒருநாள் கேட்டிருக்கலாம் நீர்." அவன் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "தைமாசத்திலையிருந்து அவ ஒவ்வொரு நாளும் ஒரு கேள்விதான் கேட்கிறவ. 'இன்னைக்காவது சொல்லிட்டீங்களா?' எண்டு. எனக்குச் சிரிக்கிறதைத் தவிர வேறை பதில் இல்லை."

"என்னத்தைச் சொல்ல?"

அவன் பதில் சொல்லுமுன் யாழ்ப்பாணம் பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் அரியாலை, யாழ்ப்பாணம் என்று கூப்பிட்டார். கிருஷாந் ஏறவில்லை.

"பஸ் போகுது."

"போகட்டும். எனக்குப் பழக்கம்தான். அரியாலையிலை நான் ஏழு மணிக்கே வந்திடுவன். உம்மடை பஸ்ஸுக்கு முந்தி மூண்டு பஸ் வரும். மூண்டையும் விட்டிட்டு நிப்பன். அஞ்சு மாசமா." ஒரு மூச்சு விட்டான். "திங்கக்கிழமை உம்மடை பஸ்ஸிலை நீர் இல்லை. பிந்தி வருவீர் எண்டு அடுத்ததைப் பார்த்தன். அதுக்கடுத்ததையும் பார்த்தன். ஒன்பது மணிவரை நிண்டனான்."

தயாளினிக்குத் திங்கட்கிழமைக் காலை நினைவுவந்தது. ஒவ்வொரு யன்னலாகத் தேடிய அந்தக் கண்கள்... அவள் தகப்பனாரின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, அந்தக் கண்களை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போனவள்.

"எனக்கு உம்மிலை விருப்பம், தயா," என்றான். "முதல் நாள் மூளை இருக்கோ எண்டு கேட்டீரே, அண்டையிலையிருந்து."

மழை தொடங்கியது. தரிப்பின் கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் அவன் முழங்கையில் வழிந்து அவள் கையில் சொட்டியது. ஈயத் தழும்பு இருந்த கை. அவள் அதை மறைக்கவில்லை.

"இதை அப்பாவிட்டைச் சொல்லுவியளோ?" என்று கேட்டாள்.

"சொல்லுவன். சபையிலையோ, வீட்டிலையோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. "வீட்டிலை," என்றாள். "முதல் எனக்கு ஒருக்காத் திரும்பச் சொல்லுங்கோ... மழைச் சத்தத்திலை சரியாக் கேக்கேல்லை."

அது பொய். அவள் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும்.

அடுத்த பஸ்ஸும் வந்தது. கொண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அதையும் அவன் விட்டான்.